முத்திரை குத்தாத கேப்டன்: இனோவே ஷிகேயோஷியின் கடற்படை வாழ்க்கை

1933-ல் டோக்கியோவின் கடற்படை அமைச்சகத்தில் ஒரு கோப்பு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தது. அன்றைய ஜப்பானிய அலுவலகங்களில் கையெழுத்துக்குப் பதில் சின்ன முத்திரைதான், ஹான்கோ என்பார்கள். கீழே இருக்கிற பிரிவுத் தலைவர் அதைக் குத்தினால்தான் கோப்பு மேலே நகரும். இந்தக் கோப்பு கேப்டன் இனோவே ஷிகேயோஷி என்கிற பிரிவுத் தலைவரின் மேசைக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது. சக அதிகாரிகள் கேட்டுப் பார்த்தார்கள், மேலதிகாரி கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தார், ஆனாலும் அவர் குத்தவில்லை. இது சரியென்று எனக்குப் படவில்லை, சரியென்று படாததில் என் முத்திரை இருக்காது, கட்டாயம் நிறைவேற்ற வேண்டுமென்றால் பிரிவுத் தலைவரை மாற்றிவிட்டுச் செய்துகொள்ளுங்கள் என்பதுதான் அவர் பதிலின் சாரம்.

இரண்டாம் உலகப்போர்க் கால ஜப்பானியக் கடற்படை என்றாலே நம்மில் பலருக்குத் தெரிந்த பெயர் யமமோட்டோ இசொரோகு ஒன்றுதான். அவரைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறவர் இந்த இனோவே. ஓர் அமைப்புக்குள் இருந்துகொண்டே "முடியாது" என்று சொல்கிறவருக்கு என்ன ஆகிறது, அவர் சொன்ன அந்தச் சொல்லுக்கு என்ன ஆகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டுகிற வாழ்க்கை வேறொன்று எனக்குத் தெரியவில்லை. அதற்காக அவரைப் புனிதராக்கவும் எனக்கு விருப்பமில்லை, காரணம் கீழே வரும்.

சரி, முதலில் அவர் யார் என்று பார்த்துவிடலாம். 1889 டிசம்பர் 9 அன்று வடக்கு ஜப்பானின் செண்டாய் நகரில் பிறந்தார். தந்தை, ஷோகன் என்கிற ராணுவ ஆட்சியாளரின் ஆட்சி இருந்த காலத்தில் அதன் ஊழியத்தில் இருந்த சாமுராய். தாய்வழியும் அந்தப் பகுதியின் பிரபு குடும்பம்தான். ஆனால் 1868-ல் ஷோகன் தரப்பு தோற்று, பேரரசர் மெய்ஜியின் புதிய அரசு வந்து, சாமுராய்களின் சம்பளமும் வாளும் போன பிறகு பிறந்த பிள்ளை இவர். செண்டாய் அந்தப் போரில் தோற்ற பக்கம். புதிய கடற்படையிலோ வெகுகாலம் கோலோச்சியது வென்ற பக்கத்தைச் சேர்ந்த சட்சுமாக்காரர்கள். தோற்ற பக்கத்துச் சாமுராய் வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசாங்கச் செலவில் படித்து மேலே வர ராணுவக் கல்லூரியும் கடற்படைக் கல்லூரியும் நல்ல வழிகளாக இருந்தன. இனோவே எதாஜிமா கடற்படைக் கல்லூரியின் 37-வது அணியில் சேர்ந்து 1909-ல் 179 பேரில் இரண்டாவதாகத் தேறினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் ஹிட்லரோடு கூட்டணி வேண்டாமென்று எதிர்த்து நின்ற மூன்று கடற்படை அதிகாரிகளில் யோனாய் மிட்சுமாசா மொரியோகாக்காரர், யமமோட்டோ நாகாவோகாக்காரர், இனோவே செண்டாய்க்காரர். மூன்றும் 1868-ல் தோற்ற ஊர்கள். இதை வைத்துப் பெரிய கோட்பாடு எதுவும் கட்ட மாட்டேன், ஆனால் ஒரு போரில் தோற்றால் வீட்டில் என்ன மிஞ்சும் என்பதைப் பெரியவர்கள் வாயால் கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள் என்பது நினைவில் நிற்கிறது.

முதல் உலகப்போர் முடிந்த கையோடு அவரைச் சுவிட்சர்லாந்துக்கும் பிறகு பிரான்சுக்கும் அனுப்பினார்கள். ஜெர்மனும் பிரெஞ்சும் படித்தார். 1927-லிருந்து இரண்டு ஆண்டுகள் இத்தாலியில் கடற்படைத் தூதரக அதிகாரி, முசோலினியின் ஆட்சியைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அதன் பிறகு கடற்படையின் உயர்படிப்புக் கல்லூரியில் ஆசிரியர். 1932 நவம்பரில் அமைச்சகத்தில் அந்தப் பிரிவுத் தலைவர் நாற்காலி.

அப்புறம்தான் அந்தக் கோப்பு. ஜப்பானியக் கடற்படைக்கு இரண்டு தலைகள் இருந்தன. ஒன்று அமைச்சகம்; ஆட்கள், பணம், கப்பல் எண்ணிக்கை எல்லாம் அதன் கையில், அமைச்சர் அமைச்சரவையில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியவர். இன்னொன்று குன்ரெய்பு, போர்த் திட்டங்களைத் தீட்டுகிற பணியகம். அதன் தலைவர் பேரரசருக்கு நேரடியாக ஆலோசனை சொல்வார், நாடாளுமன்றத்துக்கு எந்தப் பதிலும் சொல்ல வேண்டியதில்லை. 1932-ல் அந்த இடத்துக்கு அரச குடும்பத்து இளவரசர் ஃபுஷிமி வந்தார், அடுத்த ஆண்டே அமைச்சரின் அதிகாரங்களில் ஒரு பகுதியைக் குன்ரெய்புவுக்கு மாற்றும் விதித்திருத்தம் கிளம்பிவிட்டது. பதில் சொல்லும் பொறுப்பு இல்லாத ஒருவரிடம் இவ்வளவு அதிகாரத்தைக் கொடுத்தால் அவர் நாட்டைப் போருக்குள் தள்ளும்போது தடுக்க யாரும் இருக்க மாட்டார்கள் என்பது இனோவேயின் வாதம். அரசியல் சாசனத்தையும் விதிகளையும் வரிவரியாக எடுத்து வைத்துப் பேசினார்.

குன்ரெய்பு பக்கத்தில் இவரிடம் மல்லுக்கு நின்றவர் இன்னொரு கேப்டன், நகுமோ சுயிச்சி. ஆமாம், 1941-ல் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய விமானந்தாங்கிகளின் தளபதி, 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும் 9 அன்று திருகோணமலையிலும் குண்டு விழக் காரணமான அதே நகுமோ. ஒரு விருந்தில் குடித்துவிட்டு வந்து, உன் விலாவில் ஒரு குத்துவாளைச் செருகினால் கதை முடிந்தது என்று மிரட்டியதாக இனோவே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இப்படி மிரட்டல் வந்தபோது தன் உயிலை எடுத்துக் காட்டியிருக்கிறார். எழுதித் தயாராக வைத்திருந்தார். இதை வீரக் கதையாகச் சொல்கிறவர்கள் நிறைய பேர், எனக்கோ அது அந்த அலுவலகத்தின் நிலைமையைத்தான் சொல்கிறது: ஒரு விதித்திருத்தக் கோப்பில் முத்திரை குத்தாமல் இருக்க, ஒரு மனிதர் உயில் எழுதி வைத்துக்கொண்டு வேலைக்கு வர வேண்டியிருக்கிறது.

முடிவு? அவர் சொன்னபடியே பிரிவுத் தலைவரை மாற்றினார்கள், 1933 அக்டோபரில் திருத்தம் அமலுக்கு வந்தது. வேலை போய்விடும் என்றே நினைத்திருந்தவருக்கு ஹியேய் என்ற கப்பலின் கேப்டன் பதவி கிடைத்தது. ஹியேய் அப்போது, கடற்படைகளின் அளவைக் கட்டுப்படுத்திய லண்டன் ஒப்பந்தப்படி கவசமும் ஒரு பீரங்கிக் கோபுரமும் கழற்றப்பட்ட பயிற்சிக் கப்பல். 1935-ல், ஜப்பான் மஞ்சூரியாவில் அமைத்த மஞ்சுகோவின் பொம்மைப் பேரரசர் பூயி ஜப்பானுக்கு வந்தது அதில்தான். அடுத்து யோகோசுகா கடற்படைத் தளத்தின் தலைமை அதிகாரி. ராணுவத்தின் இளம் அதிகாரிகள் என்றாவது டோக்கியோவில் கலகம் செய்வார்கள் என்று கணித்து, அவசரத்துக்கு அனுப்ப மாலுமிப் படையையும் ஒரு குரூசர் கப்பலையும் முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தார். 1936 பிப்ரவரி 26 அன்று கலகம் வந்தேவிட்டது. யோகோசுகாவிலிருந்து படை போய் அமைச்சகத்தைக் காத்து நின்றது. அப்போது அந்தத் தளத்தின் தளபதி யோனாய். இரண்டு பேருக்கும் நெருக்கம் உண்டானது இங்கேதான்.

1937-ல் யோனாய் கடற்படை அமைச்சர் ஆனார், யமமோட்டோ துணை அமைச்சர், அக்டோபரில் இனோவே கடற்படை விவகாரப் பணியகத்தின் தலைவர். தரைப்படை ஜெர்மனியோடும் இத்தாலியோடும் கூட்டணி வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தது, பத்திரிகைகளும் அதே பக்கம்தான். கடற்படைக்குள்ளேயே நடுத்தர அதிகாரிகளில் பெரும்பாலானவர்கள் அதை விரும்பினார்கள், அதனால் எதிர்த்தது கடற்படை என்றுகூடச் சொல்ல முடியாது, மேலே இருந்த இந்த மூன்று பேர்தான். கூட்டாளி போரில் இறங்கினால் நாமும் தானாக இறங்க வேண்டும் என்கிற விதியை இனோவே ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. பிரிட்டனோடு போர் என்றால் அது அமெரிக்காவோடும் போர்தான் என்பது அவர் கணக்கு.

ஹிட்லர் தன் கொள்கைகளை எழுதிய நூலின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இனோவே அதை ஜெர்மனிலேயே படித்தார். ஜப்பானியர்களைத் தாழ்த்தி, தாங்களாக எதையும் படைக்கத் தெரியாத இனம் என்கிற தொனியில் எழுதியிருந்த பகுதிகளை மொழிபெயர்ப்பில் சத்தமில்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று கண்டு, அமைச்சகத்துக்குள் அதைக் குறிப்பெழுதிச் சுற்றுக்கு விட்டார். இருபது வருடங்களுக்கு முன்னால் சுவிட்சர்லாந்தில் படித்த மொழி இங்கே பயன்பட்டிருக்கிறது. பின்னால் அவர் செய்த ஒரு பெரிய காரியத்துக்கு வேர் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1939 ஆகஸ்டில் ஐந்து அமைச்சர்கள் கூடிய கூட்டத்தில் யோனாய், பிரிட்டன் அமெரிக்கா இரண்டோடும் போரிட ஜப்பானியக் கடற்படை கட்டப்படவே இல்லை, ஜெயிக்க வாய்ப்பில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அந்த மாதம் 23-ம் தேதி ஹிட்லரே ஸ்டாலினோடு ஒப்பந்தம் போட்டதும் ஜப்பானிய அமைச்சரவை கவிழ்ந்தது, பேச்சு கொஞ்ச நாள் அடங்கியது. கொலை மிரட்டல்களுக்கு நடுவில் யமமோட்டோவைக் கடலுக்கு அனுப்பினார்கள், கூட்டுக் கடற்படையின் தளபதியாக. அக்டோபரில் இனோவேயைச் சீனாவுக்கு அனுப்பினார்கள். 1940 செப்டம்பர் 27 அன்று பெர்லினில் மூன்று நாட்டு ஒப்பந்தம் கையெழுத்தானபோது தடுக்கும் நாற்காலியில் மூன்று பேரில் ஒருவரும் இல்லை.

இப்போது, அவரைப் புனிதராக்க விரும்பாததற்கு நான் மேலே சொன்ன காரணம். சீனக் கடற்பகுதிக் கடற்படையின் தலைமை அதிகாரியாக இனோவே இருந்தபோதுதான், 1940 மே முதல் செப்டம்பர் வரை, சோங்கிங் நகரத்தின்மேல் 101-ம் நடவடிக்கை என்ற பெயரில் தொடர் குண்டுவீச்சு நடந்தது. சியாங் கை ஷேக்கின் சீன அரசு பின்வாங்கி உட்கார்ந்திருந்த தலைநகரம் அது. வானிலிருந்து அடித்து அந்த அரசின் மன உறுதியை உடைத்துவிடலாம் என்ற எண்ணத்தை முன்னின்று வலியுறுத்தியவர்களில் இவரும் ஒருவர். மலைக்குன்றுகளின்மேல் மரவீடுகள் நெருக்கியடித்த நகரம், தீக்குண்டுகள் விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அந்தப் போரில் சோங்கிங்கில் குண்டுவீச்சுக்குச் செத்த பொதுமக்கள் பல ஆயிரம் பேர். விதியையும் சாசனத்தையும் வரிவரியாகப் படித்த மனிதர், ஹிட்லரின் எழுத்தில் தன் இனத்துக்கு நேர்ந்த அவமதிப்பைக் கண்டுபிடித்த மனிதர், இங்கே முத்திரையைக் குத்திவிட்டார். இனோவேயைப் பற்றிய புகழ்ச்சிக் கட்டுரைகள் பலவும் இந்தக் காலத்தை ஒரே வரியில் கடந்துவிடுவது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. அமெரிக்காவோடு போர் வேண்டாம் என்றவர் சீனர்கள்மேல் குண்டு போட வேண்டாம் என்று சொல்லவில்லை. இதையும் சேர்த்துத்தான் அவரை எடைபோட வேண்டும்.

1940 அக்டோபரில் கடற்படையின் விமானத் துறைத் தலைவராகத் திரும்பி வந்தார். குன்ரெய்பு அப்போது ஐந்தாவது விரிவாக்கத் திட்டத்தை முன்வைத்தது, அமெரிக்கா எத்தனை போர்க்கப்பல் கட்டுகிறதோ அதற்கு ஒரு விகிதத்தில் நாமும் கட்டுவது என்கிற பழைய கணக்கு. மெய்ஜி காலத்து மூளையோடு இன்றைய ஆயுதத் திட்டம் போடுகிறீர்கள் என்று இனோவே உடைத்துச் சொன்னார். சொன்னதோடு விடாமல் 1941 ஜனவரியில் "புதிய ஆயுதத் திட்டம்" பற்றி ஓர் ஆவணம் எழுதி அமைச்சர் ஓய்காவா கோஷிரோவிடம் கொடுத்தார்.

என்னைப் பொறுத்தவரை அவர் வாழ்க்கையில் செய்த மிக முக்கியமான வேலை அந்த ஆவணம்தான். ஜப்பானால் அமெரிக்காவைப் பணிய வைக்க முடியாது: நிலம் பெரிது, வளம் தன்னிறைவு, தலைநகரைப் பிடிக்க முடியாது, கடற்கரையை முற்றுகையிட முடியாது. ஆனால் அமெரிக்காவால் ஜப்பானை முற்றுகையிட முடியும், கடல்வழிகளை அறுக்க முடியும், டோக்கியோவைப் பிடித்து நாடு முழுவதையும் ஆக்கிரமிக்கவும் முடியும். பசிபிக்கில் போர் வந்தால் அது போர்க்கப்பல்கள் வரிசையாக நின்று சுட்டுக்கொள்வதாக இருக்காது, தீவுகளில் இருக்கிற விமானத் தளங்களைப் பிடிக்கிற போராக இருக்கும். எதிரியின் நீர்மூழ்கிகள் நம் சரக்குக் கப்பல்களை வேட்டையாடும், ஆகவே வாணிகக் கப்பல்களுக்குக் காவல்தான் கடற்படையின் முதல் வேலைகளில் ஒன்று. வானத்தை ஆள்கிறவன் கையில்தான் கடல்.

பேர்ல் ஹார்பருக்குப் பத்து மாதத்துக்கும் மேல் முன்னால் எழுதியது இது. 1944-ல் மரியானா தீவுகள் போனதும், அங்கே எழுந்த விமானத் தளங்களிலிருந்து ஜப்பானிய நகரங்கள் எரிந்ததும், ஜப்பான் இழந்த சரக்குக் கப்பல் எடையில் பாதிக்கு மேல் அமெரிக்க நீர்மூழ்கிகள் தின்றதும், உலகிலேயே பெரிய போர்க்கப்பல்களான முசாஷியும் யமாட்டோவும் விமானங்களால் மூழ்கியதும் எல்லாமே அந்தத் தாள்களில் இருக்கிற கணக்குத்தான். ஓய்காவா வாங்கி வைத்துக்கொண்டார், ஒன்றும் நடக்கவில்லை. சரக்குக் கப்பல்களைக் காக்கத் தனித் தலைமையகம் ஒன்றை ஜப்பான் அமைத்தது 1943 நவம்பரில்தான், அதற்கு முதல் தளபதியாக நியமிக்கப்பட்டவர் யாரென்றால், அதே ஓய்காவா.

1941 ஆகஸ்டில் இனோவேயை நான்காவது கடற்படைப் பிரிவின் தளபதியாகப் பசிபிக்கில் இருக்கிற ட்ரக் தீவுக்கு அனுப்பினார்கள். வேண்டாம் என்று எழுதிய போரை இப்போது அவரே நடத்த வேண்டும். குவாம் எளிதில் விழுந்தது. வேக் தீவில் டிசம்பர் 11 அன்று முதல் முயற்சி தோற்று, ஹயாட்டே, கிசராகி என்ற இரண்டு நாசகாரிக் கப்பல்கள் போய், 23-ம் தேதிதான் பிடிக்க முடிந்தது. பிறகு 1942 மே மாதம், பவளக் கடல். நியூ கினியாவின் போர்ட் மோர்ஸ்பியைப் பிடிக்கப் போன படைக்குத் துணையாக ஷோகாகு, சுய்காகு என்ற இரண்டு பெரிய விமானந்தாங்கிகள் வந்தன, அதற்கு முந்தைய மாதம்தான் நகுமோவோடு இலங்கைப் பக்கம் வந்துவிட்டுப் போனவை. ஷோஹோ என்ற சிறிய விமானந்தாங்கி மே 7-ல் மூழ்கியது. அடுத்த நாள் அமெரிக்காவின் லெக்சிங்டன் போனது, ஷோகாகு பலமாக அடிபட்டது, பறக்கத்தக்க விமானங்கள் குறைந்துபோயின. ரபவுல் துறைமுகத்தில் கஷிமா கப்பலில் இருந்த இனோவே படையெடுப்பைத் தள்ளிவைத்துப் பின்வாங்கச் சொன்னார். யமமோட்டோ கோபப்பட்டு, துரத்திப் போய் அழிக்கச் சொல்லி ஆணை அனுப்பினார், ஆனால் எதிரி அதற்குள் விலகிவிட்டான்.

கோழை, படிப்பாளி, சண்டை தெரியாதவர் என்றெல்லாம் அதன் பிறகு பேச்சு. தொலைவிலிருந்து, அரைகுறைத் தகவலோடு நடத்திய போர் அது, மந்தமும் குழப்பமும் இருந்தது உண்மை. அவர் களத்துக்கான தளபதி இல்லை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் விமானப் பாதுகாப்பு இல்லாமல் துருப்புக் கப்பல்களை உள்ளே அனுப்பாமல் விட்டதற்காக அவரைக் கோழை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

1942 அக்டோபரில் அவரை எதாஜிமா கல்லூரிக்கே தலைவராக அனுப்பினார்கள். பார்க்கப்போனால் ஓரங்கட்டல்தான். ஆனால் மனிதர் தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது இங்கே. நாடு முழுக்க ஆங்கிலம் எதிரியின் மொழி என்று வெறுப்பு. தரைப்படைக் கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்தை எடுத்துவிட்டது. ஆங்கிலம் பிடிக்காத நல்ல மாணவர்கள் எல்லாம் அங்கே போய்விடுவார்கள் என்று எதாஜிமா ஆசிரியர்களும் எடுத்துவிடச் சொன்னார்கள், பெரும்பான்மை அந்தப் பக்கம். இனோவே மறுத்தார். தாய்மொழியைத் தவிர வேறொன்றும் தெரியாதவன் எந்த நாட்டிலும் கடற்படை அதிகாரியாக இருக்க முடியாது, அப்படிப்பட்டவன் நமக்கு வேண்டாம் என்று சொல்லி ஆங்கிலத்தைக் கடைசிவரை வைத்திருந்தார். படிப்புக் காலத்தைச் சுருக்கிப் பையன்களைச் சீக்கிரம் முனைக்கு அனுப்பச் சொன்ன நெருக்கடியை எதிர்த்தார், ஆயுதப் பயிற்சியைவிடப் பொதுப்பாடங்களுக்கு முன்னிடம் கொடுத்தார். போர் தோற்கத்தான் போகிறது, அதன் பிறகும் இந்தப் பிள்ளைகள் நாட்டுக்கு உதவ வேண்டும் என்ற நினைப்பு அப்போதே இருந்தது என்று பின்னால் சொல்லியிருக்கிறார். கல்லூரியின் நினைவு மண்டபத்தில் மாட்டியிருந்த முன்னாள் அட்மிரல்களின் படங்களையும் கழற்றச் சொன்னார், அட்மிரல் ஆன எல்லோரும் மாணவர்கள் வணங்கத் தக்கவர்கள் என்று அவர் நினைக்கவில்லை.

1944-ல் யோனாய் மறுபடி அமைச்சராக வந்ததும் இவரைத் துணை அமைச்சராக இழுத்துக்கொண்டார். ஆகஸ்ட் 5 அன்று பொறுப்பேற்று, எண்ணெயும் விமானமும் கப்பலும் எவ்வளவு மிச்சம் என்ற கணக்குகளைப் பார்த்து, அந்த மாதம் முடிவதற்குள் யோனாயிடம் போய், இந்தப் போரை எப்படி முடிப்பது என்று ரகசியமாக ஆராய ஓர் ஆளைப் போட வேண்டும், அமைச்சர் தெரிந்தும் தெரியாததுபோல் இருக்க வேண்டும் என்று கேட்டார். ரியர் அட்மிரல் தகாகி சோகிச்சிக்கு உடல்நிலை சரியில்லை என்று காரணம் காட்டி, அவரைப் பதவியிலிருந்து விடுவித்து அந்த வேலையில் இறக்கினார்கள். தகாகி அரண்மனைக்கும் முன்னாள் பிரதமர்களுக்கும் நடுவே நடந்து நடந்து சரடு கோத்தது இந்த ஏற்பாட்டில்தான்.

ஒரு நாள் தாமதித்தால் அத்தனை பேர் சாகிறார்கள் என்று இனோவே யோனாயை நெருக்கிக்கொண்டே இருந்தார். 1945 மே 15 அன்று அவருக்கு அட்மிரல் பதவி உயர்வு வந்தது. தோற்றுக்கொண்டிருக்கும் நேரத்தில் யாரையும் அட்மிரல் ஆக்காதீர்கள் என்று எழுத்தில் எதிர்ப்புக் கொடுத்திருந்தவருக்கே வந்தது. துணை அமைச்சர் நாற்காலி வைஸ் அட்மிரலுக்கு உரியது, ஆகவே பதவி உயர்ந்ததும் இறங்கிவிட வேண்டும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் முத்திரை குத்தாததற்கு இடமாற்றம், இப்போது பதவி உயர்வு. போர் தோற்றாலும் அட்மிரல்கள் மட்டும் உண்டாகிவிடுகிறார்கள் என்ற பொருளில் ஒரு குறுங்கவிதை எழுதினார். அன்று அவரோடு இன்னொருவரும் அட்மிரல் ஆனார், ஜப்பானியப் பேரரசின் கடற்படையில் அதற்குப் பிறகு அட்மிரல் யாரும் இல்லை.

சரணடைந்த சில மாதம் கழித்து, 1946 ஜனவரியில், முன்னாள் கடற்படைத் தலைவர்கள் கூடி எங்கே தவறினோம் என்று பேசியிருக்கிறார்கள். அங்கே இனோவே ஓய்காவாவை நேருக்கு நேர் கேட்டார். 1941 அக்டோபரில் பிரதமர் கொனோயே போரா சமாதானமா என்று கேட்டபோது, கடற்படையால் முடியாது என்று சொல்லாமல், முடிவைப் பிரதமரிடமே விடுகிறோம் என்று சொன்னவர் ஓய்காவா. ஏன் சொல்லவில்லை? பொறுப்பு முழுக்க என்னுடையதுதான் என்று ஓய்காவா ஒப்புக்கொண்டார். இனோவே யமமோட்டோவையும் விடவில்லை, அத்தனை நெருங்கிய நண்பரை. 1940-ல் இதே கொனோயே கேட்டபோது, கட்டாயம் என்றால் ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆட்டம் காட்டுகிறேன், அதற்கு மேல் நம்பிக்கையில்லை என்ற மாதிரி யமமோட்டோ பதில் சொல்லியிருந்தார். உறுதியில்லாத ஆளிடம் அப்படிச் சொன்னால் அந்த ஒரு வருடம் மட்டும்தான் அவர் காதில் விழும், முடியாது என்று ஒரே சொல்லாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது இனோவேயின் குறை.

அவர் அதன் பிறகு பொதுவாழ்வுக்கு வரவே இல்லை. யோகோசுகாவின் நாகாய் என்ற மீனவர் ஊரில், கடலைப் பார்த்த மேட்டில் இருந்த தன் வீட்டில் ஒதுங்கிவிட்டார். மனைவி 1932-லேயே காசநோயில் இறந்திருந்தார். கடற்படை மருத்துவரான மருமகன் போரில் போய்விட்டார், ஒரே மகளும் 1948-ல் இறந்தாள், பேரன் மிஞ்சினான். ராணுவ ஓய்வூதியம் 1946-ல் நிறுத்தப்பட்டு, திரும்பக் கிடைக்கப் பல வருடம் ஆனது, வறுமை உண்மையான வறுமை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வீட்டில் உட்கார வைத்து ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார், கிதார் வாசித்து ஆங்கிலப் பாட்டும் கற்றுக் கொடுத்தார். 1953-ல் வயிற்றில் ரத்தப்போக்கு வந்து படுத்தபோது வகுப்பு நின்றது. 1975 டிசம்பர் 15 அன்று, 86 வயதில், அந்த நாகாய் வீட்டிலேயே இறந்தார்.